பத்துப் பேரை மாற்றியவரைக் கேள்வி கேட்கலாமா?

இந்த வாரம் கடிதமும் புலனத்தில் குரல் பதிவுமாக வந்து குவிந்ததில் பாதிக்கு மேல் ஒரே ஆளைப் பற்றித்தான். மான்செஸ்டர் சிட்டியின் பயிற்றுநர் பெப் குவார்டியோலா. விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2025 நவம்பர் 25 அன்று சாம்பியன்ஸ் லீக்கில் ஜெர்மனியின் பேயர் லெவர்குசனைச் சொந்தத் திடலில் சந்தித்த சிட்டி, மூன்று நாளுக்கு முன் ஆடிய அணியில் பத்துப் பேரை மாற்றிவிட்டு இறங்கி 2-0 என்று தோற்றது. நமக்கு அது 26ஆம் தேதி விடியற்காலை 4 மணி. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தவனுக்குக் கோபம் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும், நானும் பார்த்தேன். வாடகை வீட்டுச் சண்டை, மாமியார் பிரச்சினை என்று எழுதியவர்கள் மன்னிக்கணும், உங்களுக்கு அடுத்த வாரம்.

கேள்வி: அண்ணே, 2012-இல் அகுவேரோ கடைசி நிமிடத்தில் கோல் அடித்த நாளிலிருந்து நான் சிட்டி. லெவர்குசன் ஆட்டத்துக்கு அலாரம் வைத்து எழுந்தேன், காலை 7 மணிக்கு எனக்கு வேலை. பட்டியலைப் பார்த்தால் ஹாலண்ட் இல்லை, ஃபோடன் இல்லை, டோக்கு இல்லை, கோலில் டொன்னாரும்மாகூட இல்லை. இது சாம்பியன்ஸ் லீக்கா, தாமான் கிண்ணமா? யாரைக் கேட்டு இப்படிச் செய்கிறார்?
செந்தூல் சிட்டிக்காரன்

பதில்: யாரையும் கேட்க வேண்டியதில்லை தம்பி, அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனாலும் உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்று பார்ப்போம்.

முதலில் அவர் பக்கம். சனிக்கிழமை நியூகாசலில் 2-1 தோல்வி, செவ்வாய்க்கிழமை லெவர்குசன், அடுத்த சனிக்கிழமை லீட்ஸ். மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம் என்று ஓடுகிற காலில் எந்த நரம்பு எப்போது பிய்யும் என்று மருத்துவருக்கும் தெரியாது. 2024 செப்டம்பரில் ஆர்சனலுடன் ஆடும்போது ரோட்ரிக்கு முழங்கால் போனது, கூடவே அந்தப் பருவமும் போனது. கொஞ்ச நாளில் வரிசையாக ஐந்து தோல்வி. ஐந்தாவதில் லண்டன் அணியான ஸ்பர்ஸ் சிட்டியின் வீட்டுக்கே வந்து 4-0 அடித்துவிட்டுப் போனார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்களே, அந்தப் பூனைதான் இப்போது ஆட்களுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஓய்வு கொடுத்ததற்காக நான் அவரைத் திட்டமாட்டேன்.

ஆனால் பத்துப் பேர்! கல்யாண வீட்டில் சாம்பார் வைக்கிறவருக்குக் காய்ச்சல் என்றால் வேறொருவரை நிறுத்தலாம், பக்கத்தில் இருக்கிற பொரியல்காரர் உப்பு, புளி எங்கே என்று காட்டிவிடுவார். மொத்தக் கூட்டத்தையும் மாற்றினால் என்ன ஆகும்? எல்லாரும் நல்ல சமையல்காரர்கள்தான், ஆனால் கரண்டி எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே பந்தி நேரம் வந்துவிடும். அன்று அதுதான் நடந்தது. ஸ்டோன்ஸ், மர்மூஷ், ரெய்ண்டர்ஸ் யாரும் கத்துக்குட்டி இல்லை, எல்லாரும் தங்கள் நாட்டுக்கு ஆடுகிறவர்கள். ஆனால் நிக்கோ கொன்சாலெஸ் ஒருவரைத் தவிர சனிக்கிழமை ஆடிய ஒருத்தரும் திடலில் இல்லை. பந்து காலுக்கு வந்ததும் பக்கத்து ஆள் எங்கே நிற்பான் என்று தலை தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது, அந்த அரை வினாடியில் லெவர்குசன் வந்து நின்றுவிட்டது. முதல் பாதியில் அவர்களுடைய கிரிமால்டோ ஒரு கோல், இடைவேளைக்குப் பிறகு ஷிக் ஒரு கோல். ஃபோடன், டோக்கு உட்பட மூன்று பேரை இடைவேளையிலேயே இறக்கினார், அப்புறம் ஹாலண்டும் வந்தார். ஓய்வு கொடுக்க வேண்டும் என்று உட்கார வைத்த ஆட்களை அவசரத்துக்கு எழுப்பி ஓடவிட்டால் அந்த ஓய்வுக்கு என்ன அர்த்தம்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதை யாரும் எனக்கு எழுதவில்லை. 2024-25 பருவத்திலிருந்து சாம்பியன்ஸ் லீக்கில் பழைய குரூப் கிடையாது. 36 அணிகள் ஒரே பட்டியலில், ஒவ்வொன்றுக்கும் எட்டு ஆட்டம். முதல் எட்டு இடத்தில் முடித்தால் நேராகக் கடைசி 16. ஒன்பதாவது முதல் 24ஆவது வரை முடித்தால் பிப்ரவரியில் கூடுதலாக இரண்டு ஆட்டம் ஆடித்தான் உள்ளே போக முடியும். ஆக, சொந்தத் திடலில் மூன்று புள்ளியை விட்டால், நவம்பரில் மிச்சம் பிடித்த ஒரு ராத்திரி ஓய்வுக்குப் பிப்ரவரியில் இரண்டு ராத்திரியாக வட்டி கட்ட வேண்டி வரலாம். தீபாவளிக்குக் கடன் வாங்கித் தைப்பூசத்துக்கு மாட்டிக்கொள்கிற நம் ஆட்கள் கணக்குதான் இது.

அன்றைக்கே அவரும் ஒப்புக்கொண்டுவிட்டார், மாற்றம் அதிகமாகிவிட்டது, பொறுப்பு தன்னுடையது என்று. அதற்கு மேல் நீங்கள் அவரைத் திட்டினால் அது உங்கள் 7 மணி வேலையின் கோபம், பெப் கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி: காசு கொட்டிக் கிடந்தால் நானும்தான் ஜெயிப்பேன். இவரைப் போய்ப் பெரிய பயிற்றுநர் என்கிறீர்களே?
லிவர்பூல் ரத்தம், ஈப்போ

பதில்: காசு உண்மை. கிரீலிஷ் ஒருவருக்கே 10 கோடி பவுண்ட் கொடுத்தார்கள், 2021-இல். ஆனால் கையில் இருபத்திரண்டு நல்ல ஆட்கள் இருந்தால் சனிக்கிழமை பதினோரு பேர் முகம் சுளிப்பார்கள், அந்தப் பதினோரு முகத்தையும் திங்கட்கிழமை பயிற்சித் திடலில் பார்க்கணும். உங்கள் அலுவலகத்தில் ஓவர்டைம் பட்டியல் போட்டுப் பாருங்கள், தெரியும்.

கேள்வி: ஐயா, வணக்கம். நான் பல்கலைக்கழக மாணவன். சிட்டிக்கு ஆறு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவரை, மாமாக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே கேள்வி கேட்க நாம் யார்? நம்மைவிட அவருக்குத் தெரியாதா? இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா?
ஷா ஆலாம் மாணவன்

பதில்: நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறார்கள். ஆனால் தம்பி, சாப்பாடு நன்றாக இல்லை என்று சொல்ல நாம் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எப்போது சொல்கிறோம் என்பதில்தான் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பட்டியல் வந்ததும் சொல். ஆட்டம் முடிந்து, ஸ்கோரைப் பார்த்துவிட்டு, 'நான் அப்பவே நினைச்சேன்' என்கிறவன் பேச்சை என் மேசையில் யாரும் கேட்கமாட்டோம்.

2021 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தைச் சொல்கிறேன். போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில், சிட்டியும் செல்சியும். நமக்கு மே 30, விடியற்காலை 3 மணி. அப்போது நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, கடையில் உட்கார்ந்து சாப்பிடத் தடை. அதனால் ஆளுக்கொரு வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, புலனக் குழுவில் மட்டும் எட்டுப் பேர். இரண்டு மணி வாக்கில் பட்டியல் வந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எங்கள் மெக்கானிக் நண்பர் ஒரே வரி அனுப்பினார்: 'ரோட்ரியும் இல்ல, ஃபெர்னாண்டின்யோவும் இல்ல, அப்ப கதவ யாரு சாத்துறது?' தற்காப்புக்கு முன்னால் நின்று பந்தை அறுக்கிற வேலைக்கு இருந்த இரண்டு பேருமே பெஞ்சில். அந்த இடத்துக்குக் குண்டோகன், மேலே கூடுதலாக ஸ்டெர்லிங். கோல் விழுவதற்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும்போதே கேட்ட கேள்வி இது. 42ஆவது நிமிடத்தில் நடுத்திடலைப் பிளந்து வந்த பந்தைச் செல்சியின் ஹாவெர்ட்ஸ் வாங்கி, சிட்டி கோல் கீப்பர் எடர்சனைத் தாண்டி உள்ளே தள்ளினார். 1-0. அவ்வளவுதான் ஆட்டம். பெப்புக்குத் தெரிந்த காற்பந்தில் நூற்றில் ஒரு பங்கு எங்கள் மெக்கானிக்குக்குத் தெரியாது. ஆனால் அன்று அவர் கேட்டது சரியான கேள்வி, சரியான நேரத்தில்.

அதற்கு அடுத்த வருஷம், 2022 மே 22, ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணி ஆட்டம். பருவத்தின் கடைசி நாள். ஜெயித்தால் பட்டம், எதிரே ஆஸ்டன் வில்லா. சிட்டி 2-0 பின்தங்கி நிற்கிறது. கடையில் லிவர்பூல்காரர்கள் நாற்காலி மேல் ஏறிவிட்டார்கள். குண்டோகன் மாற்று ஆட்டக்காரராக வருகிறார், 76ஆவது நிமிடத்தில் ஒன்று, 78-இல் ரோட்ரி ஒன்று, 81-இல் மறுபடியும் குண்டோகன். 3-2, பட்டம் சிட்டிக்கு. பெப் மேதை, பெப் தீர்க்கதரிசி என்று விடிய விடியப் பேசினார்கள். ஒருத்தராவது 'அந்த குண்டோகனை ஏன் முதலிலேயே இறக்கவில்லை?' என்று கேட்டாரா? கேட்கவில்லை, ஜெயித்தாயிற்றே. போர்ட்டோவில் குண்டோகன் ஆடினார், கேள்வி கேட்டோம். வில்லாவுடன் குண்டோகன் தொடக்கத்தில் ஆடவில்லை, கேட்க மறந்துவிட்டோம். நம் கேள்விக்கு நேர்மை இருக்கிறதா என்று பார்க்க இதைவிட வேறு சோதனை எனக்குத் தெரியவில்லை.

கிறுக்குத்தனம் பலித்த கதையும் இருக்கிறது. 2023-இல் ஜான் ஸ்டோன்ஸ் என்ற தற்காப்பு ஆட்டக்காரரை நடுத்திடலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். நாங்கள் சிரித்தோம். அந்தப் பருவம் மூன்று கிண்ணத்தோடு இஸ்தான்புல்லில் முடிந்தது, இன்டர் மிலானுக்கு எதிராக ரோட்ரியின் ஒரே கோலில். சிரித்ததை நான் ஒத்துக்கொள்கிறேன். பட்டியலைப் பார்த்துக் கேட்கிறவனுக்கு இந்த ஆபத்து உண்டு, பாதி நேரம் மூக்குடைபடும். ஆட்டம் முடிந்து கேட்கிறவனுக்கு அந்தப் பயமே இல்லை, அதனால்தான் அவன் சத்தமாகப் பேசுகிறான்.

கேள்வி: தம்பி, எனக்கு 61 வயது. எங்கள் ஃபெர்கி, அலெக்ஸ் ஃபெர்குசன், 26 வருஷம் மான்செஸ்டர் யுனைடெட்டை நடத்தினார். இப்படிக் கோமாளித்தனம் பண்ணியிருப்பாரா? அவர் பட்டியல் போட்டால் ஒரு நியாயம் இருக்கும்.
யுனைடெட் அப்பா, பட்டர்வொர்த்

பதில்: அண்ணே, உங்கள் வயதுக்கு மரியாதை. ஆனால் 1990 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? எஃப்ஏ கிண்ண இறுதியாட்டம், எதிரே கிரிஸ்டல் பேலஸ். முதல் ஆட்டம் 3-3. கோல் கீப்பர் ஜிம் லெய்ட்டன் தடுமாறினார். ஐந்து நாள் கழித்து மறு ஆட்டம். ஃபெர்கி லெய்ட்டனைத் தூக்கிவிட்டு, லூட்டனிலிருந்து இரவல் வாங்கிய லெஸ் சீலியை நிறுத்தினார். லெய்ட்டன் யார்? அபர்டீனில் ஃபெர்கிக்காகவே நின்று கோப்பை வாங்கித் தந்தவர், அவரை நம்பி மான்செஸ்டருக்கு வந்தவர். யுனைடெட் 1-0 என்று ஜெயித்தது. ஃபெர்கிக்கு அங்கே அதுதான் முதல் கிண்ணம். லெய்ட்டனுக்கும் அவருக்கும் இருந்த உறவு அன்றோடு முறிந்தது.

இந்தக் கதையில் நான் எப்போதும் லெய்ட்டன் பக்கம். காரணம் காற்பந்து இல்லை, என் சொந்தக் கதை.

1993-இல் ரவாங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து அணிக்கு நான் கோல் கீப்பர். கையுறை வாங்கக் காசு கிடையாது. மோட்டார் சைக்கிள் கையுறை ஒன்றை எடுத்து, உள்ளங்கையில் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டி வைத்திருந்தேன், மழையிலும் பந்து வழுக்காது. அரையிறுதியில் ஒரு கோலை விட்டேன், கைக்கு வந்த பந்து. தப்பு என்னுடையதுதான். இறுதியாட்டத்தன்று காலையில் எங்கள் பயிற்றுநர், லோரி ஓட்டுகிற அண்ணன், மற்ற பையன்களுக்கு ஜெர்சி கொடுத்துக்கொண்டே வந்தார். என் முன்னால் வந்ததும் நின்றார். 'உன் கையுறைய தம்பிகிட்ட குடு' என்றார். அவ்வளவுதான். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. கழற்றிக் கொடுத்தேன். உள்ளே என் வேர்வை இன்னும் காயவில்லை. இரண்டு பாதியும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு நறுக்கினேன்.

1-0 என்று ஜெயித்தோம். அந்தத் தம்பி நன்றாகத்தான் பிடித்தான், என் கையுறையோடு. அண்ணன் முடிவு சரி என்று தோட்டமே சொன்னது. எனக்கு இன்றைக்கும் அது சரி என்று படவில்லை. என்னை எடுத்தது இருக்கட்டும், முந்தின நாள் ராத்திரி என் வீட்டு வாசலில் லோரியை நிறுத்தி, 'நாளைக்கு நீ இல்லடா' என்று சொல்லியிருக்கலாம். தோற்ற பயிற்றுநரை எல்லாரும் கேள்வி கேட்பார்கள் அண்ணே, ஜெயித்த அன்றைக்கும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். அதைக் கேட்க ஆள் இருக்காது, ஏனென்றால் கேட்க வேண்டியவன் ஆரஞ்சு நறுக்கிக்கொண்டிருப்பான்.

நீங்கள் வந்த விஷயத்துக்கு: ஃபெர்கியும் உங்கள் வாயாலேயே ஆயிரம் திட்டு வாங்கியவர்தான். 26 வருஷத்தில் மறந்து போச்சு.

கேள்வி: கோல் பால்மரைச் செல்சிக்கு விற்றதைப் பற்றி ஏன் யாரும் வாய் திறப்பதில்லை? அது இவர் செய்த பெரிய தப்பு இல்லையா?
பெட்டாலிங் ஜெயா வாசகி

பதில்: தப்புதான், ஆனால் தனி ஆள் தப்பு இல்லை. 2023-இல் பால்மர் ஆட வாய்ப்புக் கேட்டார், அதே இடத்துக்கு ஃபோடன், பெர்னார்டோ, மாரெஸ் என்று வரிசை நின்றது. மாரெஸ் போன பிறகும் பையன் போக வேண்டும் என்றே நின்றார், விட்டார்கள். செல்சியில் முதல் பருவத்திலேயே லீக்கில் 22 கோல். உட்கார வைத்தால் உள்ளே புழுங்குவான், போகவிட்டால் வெளியே பொழிவான். பெஞ்சில் உட்கார்ந்தவன் எல்லாம் பால்மர் இல்லை என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

கேள்வி: அண்ணன், பெப்பை விடுங்கள். நம்ம ராஜகோபாலைப் பற்றி ஏதாவது எழுதுங்கள். நம் ஆள் தேசிய அணியை ஆசியான் சாம்பியன் ஆக்கினார், அப்புறம் ஓரங்கட்டிவிட்டார்கள். மனசு ஆறவில்லை.
கிள்ளான் வாசகர்

பதில்: ஆறாது. எனக்கும் ஆறவில்லை. அதனால்தான் இதில் நான் செய்த தப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

2009-இல் சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம், 20 வருஷத்துக்குப் பிறகு. அந்தப் பையன்கள் பலரை வைத்தே 2010 சுசுகி கிண்ணத்துக்குப் போனார் கே. ராஜகோபால். முதல் ஆட்டம் ஜகார்த்தாவில், இந்தோனேசியாவிடம் 5-1 என்று உதை. அன்று ராத்திரி இந்த நாட்டில் எத்தனை பேர் அவரை வேலையை விட்டுத் தூக்கினார்கள் என்று கணக்கு எடுத்தால் பட்டியல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரை நீளும். பையன்களை மாற்று, அனுபவசாலிகளைக் கூப்பிடு என்று ஆளாளுக்கு ஆலோசனை. மனிதர் அசையவில்லை. அதே மாதம் 26ஆம் தேதி, இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில், புக்கிட் ஜாலிலில் அதே இந்தோனேசியாவை 3-0 என்று சாய்த்தார்கள், சாபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. கோலில் நின்ற கைருல் ஃபாமிக்கு அப்போது 21 வயது. மறு ஆட்டத்தில் ஜகார்த்தாவில் அவர் ஒரு பினால்டியைப் பிடித்தார், நான் டிவியைக் கட்டிப்பிடித்தேன். அங்கே 2-1 தோல்வி, ஆனாலும் மொத்தத்தில் 4-2, மலேசியாவுக்கு முதல் ஆசியான் கிண்ணம். டிசம்பர் 31 பொது விடுமுறை. ஒரு தமிழ்ப் பெயர் அந்த வாரம் எல்லா மொழிப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில்.

அப்புறம் 2012. அதே போட்டி, அதே புக்கிட் ஜாலில், முதல் ஆட்டத்திலேயே சிங்கப்பூரிடம் 3-0. தட்டுத் தடுமாறி அரையிறுதி வரை போய்த் தாய்லாந்திடம் முடிந்தது. 2010 வீரர்களையே பிடித்துக்கொண்டு தொங்குகிறாரோ என்று அப்போது கடையில் பேச்சு வந்தது. நியாயமான கேள்வி, பட்டியலைப் பார்த்துக் கேட்ட கேள்வி. நான் அந்த மேசையில் இருந்தேன், எழுந்து சண்டைக்குப் போனேன். ஏன்? அவர் நம் ஆள். வேறு காரணம் என்னிடம் இல்லை. பக்கத்தில் இருந்த மலாய்க்கார நண்பர் பொறுமையாகச் சொன்னார், 'அவரை எனக்கும்தான் பிடிக்கும் பாஸ், அதனாலதான் கேட்கிறேன்' என்று. பதில் வரவில்லை எனக்கு. கண்ணை மூடிக்கொண்டு தூற்றினவர்களுக்கும், கண்ணை மூடிக்கொண்டு தாங்கின எனக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேருமே அவர் போட்ட பட்டியலைப் படிக்கவில்லை. 5-1 வாங்கியும் தன் பையன்களைக் கைவிடாத அதே குணம்தான், இரண்டு வருஷம் கழித்து அதே பையன்களை விட முடியாமல் அவரைப் பிடித்துக்கொண்டதோ என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கே யோசித்திருந்தால் அவருக்கு அது மரியாதையாக இருந்திருக்கும்.

கேள்வி: பாஸ், ஃபேண்டசி லீக்கில் சிட்டி ஆள் மூன்று பேரை வைத்திருக்கிறேன். வாரா வாரம் யாராவது ஒருத்தர் பெஞ்ச். என்ன செய்யலாம்?
பூச்சோங் மேனேஜர்

பதில்: ஹாலண்டை வைத்துக்கொண்டு மற்ற இருவரை விற்றுவிடுங்கள். யாரை இறக்குவார் என்று யாருக்கும் தெரியாத இந்த ஆட்டத்துக்கு 'பெப் ரூலெட்' என்று ஊர் உலகமே பெயர் வைத்திருக்கிறது, கெந்திங் மலைக்குப் போகாமலே காசு போகிற இடம் அது.

கேள்வி: 2025 மே மாதம் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் கிரிஸ்டல் பேலஸிடம் தோற்றார்களே, அதில் 19 வயதுப் பையனை முதல் தடவையாக இறக்கினார். இறுதியாட்டத்திலா அறிமுகம் செய்வார்கள்?
அம்பாங் ரசிகன்

பதில்: எச்செவெரியைச் சொல்கிறீர்கள். பேலஸின் எஸெ 16ஆவது நிமிடத்திலேயே கோல் அடித்துவிட்டார், மர்மூஷ் அடித்த பினால்டியைப் பேலஸ் கோல் கீப்பர் ஹெண்டர்சன் தடுத்துவிட்டார், நேரம் ஓடுகிறது. கடைசிக் கால் மணி நேரத்தில் சிட்டிக்காக அதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடாத பையன் உள்ளே வருகிறான். துணிச்சலா, தவிப்பா? எனக்குத் தவிப்பாகத்தான் தெரிந்தது. அதைவிட எனக்கு உறுத்தியது பினால்டி. ஹாலண்ட் திடலில் நிற்கும்போது மர்மூஷ் ஏன் அடித்தார்? இதற்குப் பயிற்றுநரை மட்டும் பிடித்துப் பயனில்லை, பந்தை எடுத்துக் கொடுத்தது ஹாலண்ட். ஆனால் யார் அடிப்பது என்று முதல் நாளே எழுதி ஒட்டி வைக்க வேண்டியது யார் வேலை? 2016-17க்குப் பிறகு பெரிய கிண்ணம் ஒன்றுமில்லாமல் சிட்டி முடித்த முதல் பருவம் அது, அந்த இரவோடு.

கேள்வி: ஐயா, என் மகன் தமிழ்ப்பள்ளி அணியில் இருக்கிறான். நான்கு ஆட்டமாகப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியரைக் கேட்கலாமா? கேட்டால் பையனை ஒதுக்கிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.
காஜாங் அம்மா

பதில்: கேளுங்கள் அம்மா. ஆனால் ஆட்டத்தன்று திடலோரத்தில் நின்று கேட்காதீர்கள், மற்ற பெற்றோர் முன்னால் கேட்காதீர்கள். பயிற்சி முடிந்து அவர் கூம்புகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது போங்கள், கூடவே நாலு கூம்பை எடுத்துக் கொடுங்கள். 'ஏன் சார் அந்தப் பையனைப் போடுறீங்க' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும், அடுத்த வீட்டுப் பிள்ளையை இழுத்தாயிற்று. 'என் பையன் இடம் பிடிக்க எதில் தேறணும் சார்?' என்று கேளுங்கள். உருப்படியான ஆசிரியர் என்றால் இடது கால், ஓட்டம், கவனம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். அதைப் பையனிடம் அப்படியே சொல்லுங்கள், நயமாக மாற்றாதீர்கள். ஒன்றுமே சொல்லத் தெரியாமல் விழித்தால் அதுவும் ஒரு பதில்தான், அப்போது வேறு மன்றம் பாருங்கள். அவன் கையில் ஆரஞ்சும் கத்தியும் கொடுத்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள், நானே வருகிறேன்.

கேள்வி: அண்ணே, என் வீட்டுக்காரர் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து டிவியைப் பார்த்து 'டேய் பெப்பு, டேய் பெப்பு' என்று கத்துகிறார். அந்த மனுஷனுக்கு இதெல்லாம் கேட்குமா?
ரவாங் சகோதரி

பதில்: கேட்காது தங்கச்சி, உங்கள் பக்கத்து வீட்டுக்குத்தான் கேட்கும். மார்ச் கடைசியில் இங்கிலாந்தில் கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள், அதற்குப் பிறகு அந்த ஆட்டமெல்லாம் நமக்கு 3 மணிக்கே வந்துவிடும். இப்போதே பஞ்சு வாங்கிக் காதில் வைத்துப் பழகிக்கொள்ளுங்கள்.